படிச்ச பள்ளிக்கு என்ன செய்யலாம்? முன்னாள் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேலூர் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் 1988-ல் பத்தாம் வகுப்பு முடித்தேன். அப்போது அது உயர்நிலைப் பள்ளி, பத்தோடு சரி. இப்போது பிளஸ் டூ வரை இருக்கிறது. நான் மேலூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். 2003-லிருந்து சனிக்கிழமை காலை ஆனால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவேன். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும், வெளியூர்க்காரர்கள் ஊரில் இருக்கும்போதே, பள்ளி வேப்பமரத்தடியில் பழைய மாணவர்கள் கூடுவோம். அங்கேயும் போனிலும் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல்ல எப்படிப் போனீங்க அண்ணே? யார் கூப்பிட்டாங்க?

ஒரு மோட்டாருக்காகக் கூப்பிட்டார்கள். 2003 ஜூனில் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைக்கு வந்து, "ஹெச்.எம். சார் வரச் சொன்னாரு, மோட்டார் ஓடல" என்றான். போய் ஸ்விட்சைப் போட்டுப் பார்த்தேன். உறுமியது, சுற்றவில்லை. கெப்பாசிட்டர் போயிருந்தது. புதுசு மாட்டினேன், தண்ணீர் ஏறியது. மொத்தமே பத்து நிமிஷ வேலை.

கிளம்பும்போது கணக்கு டீச்சர் ஒருவர் வராண்டாவில் நிறுத்திச் சொன்னார்: "பன்னிரண்டு நாளா தண்ணி இல்ல தம்பி. பொம்பளப் பிள்ளைங்க வீட்டுல இருந்து வரும்போதே தண்ணி குடிக்காம வருதுங்க. குடிச்சா ஒதுங்கணும்ல." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பத்து நிமிஷ வேலைக்குப் பன்னிரண்டு நாள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஹெச்.எம்.-க்கு ஆயிரம் வேலை. பள்ளியில் இருக்கிற ஆசிரியர்கள் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க உள்ளூர் ஆள் ஒருத்தன் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த சனிக்கிழமை சும்மா எட்டிப் பார்த்தேன். மோட்டார் ஓடியது, ஆனால் டேங்கிலிருந்து கழிப்பறைக்குப் போகிற வால்வு ஒழுகியது. அதற்கடுத்த சனி ஃபேன். அப்புறம் நிற்கவில்லை.

கையில காசு இல்ல. நான் வந்து என்ன பிரயோஜனம்?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதுவும் கூச்சத்தோடு. நானும் காசுக்காரன் இல்லை. இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த பணத்தைக் கூட்டினால் ஒரு பழைய டூவீலர் வாங்கலாம், அவ்வளவு இருக்கும். கொடுத்தது நேரம்.

கொத்தனார் வேலை தெரிந்த நம்ம ஆள் ஒருவர் வருஷத்துக்கு இரண்டு தடவை மொட்டை மாடியில் ஏறி, மழைத்தண்ணீர் போகிற குழாயில் சேர்ந்த வேப்பிலையை அள்ளி, வெடித்த இடத்தைப் பூசிவிட்டு வருவார். ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை கட்டாயம். அவர் அதை ஆரம்பித்த பிறகு அந்தக் கட்டடத்தில் ஒழுக்கு இல்லை. தையல் தெரிந்த ஒரு தங்கச்சி ஜூன் மாதம் மிஷினைக் கொண்டுவந்து போட்டு, அரசு கொடுக்கிற சீருடை அளவு சரியில்லாத பிள்ளைகளுக்குப் பிடித்துக் கொடுக்கிறார். இது பணத்தால் ஆகிற காரியமா சொல்லுங்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம ஏன் செய்யணும்?

கேட்க வேண்டிய கேள்வி. ஆசிரியர், கட்டடம், கழிப்பறை, புத்தகம் எல்லாம் அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவதும் நம்ம வேலையில் ஒரு பாதி. ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் நான் போய் நாற்காலியில் உட்காரமாட்டேன், இடத்தை நிரப்பச் சொல்லி மனு எழுதுவோம். கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்வோம். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் பெற்றோரோடு கூடப் போவோம். எங்கள் சுற்றுச்சுவர் அப்படி நடையாய் நடந்து வந்ததுதான்.

ஆனால் ஊர் கூடிப் பள்ளிக்குக் கை கொடுப்பது நமக்குப் புதுசில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1958 வாக்கில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு அவற்றை முன்னின்று நடத்தினார். அரசு பணம் போட்டது ஒரு பக்கம், ஊர்க்காரர்கள் பெஞ்சும் கரும்பலகையும் பாத்திரமும் நிலமும் கொடுத்தது இன்னொரு பக்கம். எங்கள் பள்ளியில் இன்னும் ஓர் அலமாரியின் கதவில் கொடுத்தவர் பெயர் மங்கலாகத் தெரியும். அதன் கீல் இன்றைக்கும் சத்தமில்லாமல் திறக்கிறது.

எங்க பேட்ச் 25 வருஷம் முடிச்சிருக்கு. சேர்ந்து பெருசா ஒண்ணு தரலாம்னு இருக்கோம். என்ன வாங்கலாம்?

வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சில வருஷம் முன்பு ஒரு பேட்ச் நல்ல மனசோடு பெரிய டிவி ஒன்று வாங்கி வந்தது. விழா, மாலை, பிரியாணி எல்லாம் ஆனது. அந்த அறையில் எர்த் சரியில்லை, ஜன்னலுக்குக் கம்பி இல்லை. திருட்டுப் பயத்தில் டிவியை ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டினார்கள். மூன்று வருஷம் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. கடைசியில் நானும் வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவரும் ஜன்னல் கம்பி போட்டு, எர்த் அடித்து, வயரிங் மாற்றிய பிறகுதான் அது சுவரில் ஏறியது. அந்த வேலைக்கு ஆன செலவு டிவி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் முதலில் ஹெச்.எம்.-இடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். "சார், இந்த வருஷம் உங்களுக்கு எது இல்லாம கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் எளிமையாக இருக்கும்: கழிப்பறை சுத்தம் செய்கிறவருக்கு மாதச் சம்பளம், லேப் கண்ணாடிச் சாமான், குடிதண்ணீர் ஃபில்டருக்கு வருஷா வருஷம் மாற்ற வேண்டிய கேண்டில். விழா எடுக்க இதெல்லாம் தோதுப்படாது, ஆனால் தினமும் தேவைப்படும். 40 பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் 8,000 ரூபாய். ஒரு தடவை போடுகிற லட்சத்தைவிட, நிற்காமல் வருகிற இந்த 8,000 பள்ளிக்குத் தெம்பு.

கட்டடம் மாதிரிப் பெரிய காரியம் என்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பாருங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' என்ற அரசுத் திட்டம் வழியாகவும் உங்கள் பள்ளியின் பெயரைச் சொல்லியே பணம் கொடுக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தோது.

பணத்தை யார்கிட்ட கொடுக்கிறது?

தனி ஆள் கையில் வேண்டாம். என் கையிலும் வேண்டாம். பள்ளிக் கணக்கிலோ, பதிவு செய்த சங்கத்தின் கணக்கிலோ போட்டு ரசீது வாங்குங்கள்.

சங்கம் பதிவு பண்ணணுமா?

பத்துப் பேர் சனிக்கிழமை வந்து வேலை செய்ய எந்தப் பதிவும் வேண்டாம். பணம் சேர்க்கிறீர்கள் என்றால் வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதைச் செய்ய ஒழுங்கான ஆள் இல்லையென்றால் ஆரம்பிக்காதீர்கள். கணக்குச் சண்டையில் உடைந்த சங்கத்தால் பள்ளி வாசலில் முகம் கொடுக்காமல் போகிற வகுப்புத் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2024-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். தலைமை பெற்றோர்கள் கையில்தான், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, தீர்மானத்தைச் சரியாக எழுத உதவலாம்.

சனிக்கிழமை உங்களுக்கு அங்க அப்படி என்ன வேலை?

காலை ஒன்பதரைக்குப் போய் முதலில் மோட்டார், டேங்க், குழாய் பார்ப்பேன். எட்டு அறை, பதினாறு ஃபேன். ஃபேனில் கடகட சத்தம் வந்தால் பேரிங். மெதுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டர். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடக்கிற நாட்களில் இரண்டு பேர் ஓடி வந்து, "மாமா, மூணாவது ரூம்ல கெப்பாசிட்டர்" என்று நோய் சொல்லும் டாக்டர் மாதிரி சொல்வார்கள்.

அப்புறம் நூலகம். அதாவது ஓர் அலமாரியும் இரண்டு பெஞ்சும். புத்தகம் எடுத்தால் எழுதி வைக்கவும், கிழிந்ததை ஒட்டவும் பதினோரு மணி வரை உட்காருவேன். 2023 ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் அன்று, மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். அந்த வருஷமே பெற்றோர் கையெழுத்தும் ஹெச்.எம். அனுமதியும் வாங்கி, இரண்டு டீச்சர்களோடு 38 பிள்ளைகளை அழைத்துப் போனோம். குழந்தைகள் பகுதியில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு புத்தகத்தை எடுத்து, திறக்காமல், முகத்தருகே வைத்து மோந்து பார்த்தாள். "புதுசு மாமா" என்றாள். எங்கள் அலமாரியில் புதுப் புத்தகமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இப்போது மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போதெல்லாம் உண்டியல் போட்டுப் புதுசாகவே வாங்குகிறோம். வீட்டில் படித்து முடித்த பழைய புத்தகங்களை மூட்டை கட்டி அனுப்புவதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. படிப்பு விஷயத்துல எப்படி உதவறது?

பாடத்தை ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நேரம் கிடைக்காத இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று உதவித்தொகைத் தேர்வுகள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு. ஜெயித்தால் ஒன்பது முதல் பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். நாலு வருஷத்தில் 48,000. பெற்றோர் வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் பகுதியில் 90 கேள்வி, பாடப் பகுதியில் 90 கேள்வி. பாடத்தில் நன்றாக வாங்குகிற பிள்ளைகள் மனத்திறனில் தடுமாறுவார்கள். எண் தொடர், படத் தொடர் எல்லாம் அவர்கள் பார்த்ததே இருக்காது. பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு வாரம் ஒரு மணி நேரம் கூட உட்கார ஓர் ஆள் போதும். ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தொகை வருஷத்துக்கு 1,000 ரூபாய்தான், ஆனால் எழுதிப் பழகிய பிள்ளைக்குப் பரீட்சை பயம் போய்விடும்.

இரண்டாவது, பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்கு இதன் கனம் தெரிவதில்லை. பொதுத்தேர்வுக்கு முன்னால் மாணவர் பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரிபார்த்துப் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே சான்றிதழில் அச்சாகும். அதில் ஓர் எழுத்து தப்பினால் சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு என்று வாழ்நாள் முழுக்கத் துரத்தும். என் வகுப்பில் படித்த ஒருவருக்கு இனிஷியல் தப்பாகிப்போய், கைக்கு வந்த அரசு வேலையில் சேர ஏழு மாதம் அலைந்தார்.

எங்கள் பக்கம் அது பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்து நடவு நடக்கிற நேரம். அம்மாக்கள் பகலில் வரமுடியாது. அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வராண்டாவில் லைட் போட்டுக்கொண்டு உட்காருவோம். வகுப்பாசிரியர் ஒருவர், நாங்கள் மூன்று பேர். காலில் சேறு காயாமல் ஓர் அம்மா வந்தார். மகன் பெயரை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "அதுல அவங்க அப்பா பேரு தப்பா இருக்கு சாமி" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ரேஷன் கார்டில் கூப்பிடு பெயரை எழுதியிருக்கிறார்கள், அதையே பள்ளியிலும் ஏற்றிவிட்டார்கள். இறந்துபோன கணவரின் சரியான பெயரை மூன்று தடவை சொல்லி, நான் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தார். நாங்கள் உட்கார ஆரம்பித்த பிறகு எங்கள் பள்ளியில் சான்றிதழ் திருத்தத்துக்கு அலைந்தவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

ஏழைப் பிள்ளைங்களுக்கு நோட்டு, பை கொடுக்கிற விழா வைக்கலாமா?

கொடுங்கள். விழா வேண்டாம். 2005-ல் நான் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். அப்பா இல்லாத பிள்ளைகள் பட்டியலை வாங்கி, காலை வணக்கக் கூட்டத்தில் ஒவ்வொரு பெயராக மைக்கில் வாசித்து நோட்டு கொடுத்தோம். எட்டாவது பெயரை வாசித்தபோது யாரும் வரவில்லை. திரும்ப வாசித்தேன். வரிசையில் ஒரு பெண் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், பக்கத்துப் பிள்ளைகள் அவளைத் தள்ளினார்கள். அவள் நகரவே இல்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து வகுப்பாசிரியர் வழியாக, பையோடு பையாக, யாருக்கும் தெரியாமல்தான் போகிறது. போட்டோவும் கிடையாது. பணம் அனுப்புகிறவர்கள் போட்டோ கேட்டால் ரசீதும் பில்லும் அனுப்புகிறேன்.

பிள்ளைங்களோட பழகுறதுல என்ன கவனிக்கணும்?

ஹெச்.எம். அனுமதி இல்லாமல் வகுப்புக்குள் போகக் கூடாது. எந்தப் பிள்ளையோடும் தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கூட இருக்க வேண்டும். பிள்ளைகளின் போன் நம்பர் வாங்காதீர்கள். பைக்கில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். இருபது வருஷம் வருகிற எனக்கும் இதே சட்டம்தான். ஒரு பிள்ளை கஷ்டத்தைச் சொன்னால் நீங்களே பஞ்சாயத்துப் பண்ணாமல் டீச்சரிடம் சொல்லுங்கள். 1098 எண்ணையும் 14417 எண்ணையும் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். முதலாவது குழந்தைகள் உதவி எண், இரண்டாவது பள்ளிக்கல்வித் துறையின் வழிகாட்டி எண்.

ஹெச்.எம். மாறிட்டா?

மாறிக்கொண்டேதான் இருப்பார்கள். நான் ஒன்பது பேரைப் பார்த்துவிட்டேன். புதியவர் வந்த வாரமே போய் வணக்கம் சொல்லி, நாங்கள் செய்கிற வேலையை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "உங்களுக்குச் சம்மதம்னா தொடர்றோம் சார்" என்பேன். ஒருவர் வேண்டாம் என்றார். வெளியாட்களால் முன்பு எங்கோ பட்டிருக்கிறார், அவர் தயக்கம் நியாயமானது. எட்டு மாதம் நான் வாசலைத் தாண்டவில்லை. மோட்டார் கெட்டபோது அவரே ஆள் அனுப்பினார். ஓய்வு பெற்ற பிறகும் இப்போது சித்திரைக் கூட்டத்துக்கு வருகிறார்.

நான் சென்னையில இருக்கேன். தம்பி துபாயில. எங்களால என்ன முடியும்?

பிளஸ் டூ ரிசல்ட் வருகிற மே மாதம் உங்களுடையது. எந்தக் கல்லூரி, என்ன படிப்பு, கவுன்சலிங்கில் எதை முதலில் போடுவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் நம்ம பிள்ளைகள். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினால் கட்டணச் சலுகை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020-லிருந்து 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். பள்ளி ஆபீஸ் போனை ஸ்பீக்கரில் போட்டு, டீச்சரையும் பெற்றோரையும் பக்கத்தில் வைத்து இதையெல்லாம் பேச, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான் அந்தப் பள்ளியில படிக்கல. வரலாமா?

தாராளமாக. மேலூர் போகிற வழியில் ஒத்தக்கடைப் பக்கம் யா. கொடிக்குளம் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க, வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை மகள் ஜனனியின் நினைவாக எழுதிக் கொடுத்தார். 2024 குடியரசு தினத்தில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. நம்ம பக்கத்து அம்மா. அந்த வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வேன்.

இத்தனை வருஷத்துல பள்ளி மாறிடுச்சா?

தேர்ச்சி சதவீதம் கூடியதற்கு நான் உரிமை கொண்டாட முடியாது, அது ஆசிரியர்களின் உழைப்பு. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தண்ணீர் நின்றால் இப்போது அன்றைக்கே தெரிகிறது, மறுநாள் ஓடுகிறது. காலை பத்தரை இடைவேளையில் குழாயடியில் பெண் பிள்ளைகள் வரிசையில் நின்று வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறார்கள். அதைப் பார்க்கிற அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

சரி அண்ணே, நான் எப்ப வரட்டும்?

சனிக்கிழமை ஒன்பதரை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் பஸ் நிறைய இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் போட்டால் நான் வந்து அழைத்துக்கொள்வேன். வரும் வாரம் ஆறாவது ரூம் ஃபேனுக்குப் பேரிங் மாற்ற வேண்டும், ஏணி பிடிக்க ஆள் தேவை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் படத் தொடரில் திணறுகிறார்கள், அதற்கும் ஆள் தேவை. வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடுங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் கூடக் கொஞ்சம் உலை வைக்கச் சொல்லிவிடுகிறேன்.